22-ஆம் தேதி கையில் எவ்வளவு இருக்கும்? வீட்டுக் கணக்கை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க

ஒரு வீட்டின் ஜூன் மாதக் கணக்கை முதலில் பாருங்கள். வங்கியில் மே மாத மிச்சம் 13,000 ரூபாய். 1-ஆம் தேதி கணவரின் சம்பளம் 58,000 ஏறுகிறது. மனைவி டியூஷன் எடுக்கிறார். பெற்றோர்கள் கொடுக்கும் 18,000 ரூபாய் வழக்கமாக 25-ஆம் தேதிதான் முழுதாகச் சேரும். ஆக மாதத்துக்கு மொத்தம் 89,000.

செலவு: 2-ஆம் தேதி வாடகை 14,000. 5-ஆம் தேதி வண்டிக் கடன் 4,200, சீட்டு 5,000. 8-ஆம் தேதி பள்ளிக் கட்டணம் முதல் தவணை 28,000. 12-ஆம் தேதி கரண்ட் பில் 2,600. 18-ஆம் தேதி கிரெடிட் கார்டு 9,500. 22-ஆம் தேதி ஆயுள் காப்பீட்டு அரையாண்டு பிரீமியம் 11,300. இவற்றுக்கு நடுவில் 6, 13, 20, 27 ஆகிய நான்கு சனிக்கிழமைகளிலும் மளிகை, காய்கறி, பெட்ரோலுக்கு 2,500 வீதம் 10,000. மொத்தம் 84,600.

கூட்டிக் கழித்தால் 4,400 ரூபாய் மிச்சம். பெரும்பாலான பட்ஜெட் செயலிகள் இந்த எண்ணைப் பச்சை நிறத்தில் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆனால் தேதி வாரியாக எழுதிப் பாருங்கள். 8-ஆம் தேதி பள்ளிக் கட்டணம் கட்டி முடித்ததும் 17,300. 18-ஆம் தேதி கார்டு கட்டியதும் 2,700. 20-ஆம் தேதி மளிகைக்குப் பிறகு வெறும் 200. 22-ஆம் தேதி பிரீமியம் கட்ட 11,100 ரூபாய் குறைகிறது. மூன்று நாள் கழித்து டியூஷன் பணம் வந்துவிடும். ஆனால் அந்த மூன்று நாளுக்கு யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. மாதக் கணக்கு சரியாக இருந்தும் தானாகப் பிடிக்கப்படும் ஒரு தவணை திரும்பிவிட்டது. வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் மென்பொருள் தேடத் தொடங்கினேன், அதுவும் கணக்கு வேறு யாரிடமும் போகாமல் வீட்டுக் கணினியில் நாமே நிறுவி ஓட்டும் மென்பொருளாக. இதைத்தான் செல்ஃப்-ஹோஸ்டிங் என்கிறார்கள். தேடும்போது எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: அடுத்த 90 நாளில் என் இருப்பு எந்த நாளில் மிகவும் கீழே போகும், எவ்வளவு கீழே போகும்? அந்த நாளை நாங்கள் வீட்டில் ‘பள்ளம்’ என்போம். பள்ளத்தைக் காட்டும் மென்பொருள் எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. வண்ண வட்டப் படங்களும் செலவு வகைப்பாடும் அதற்கு அடுத்தபடிதான்.

பள்ளம் முன்பே தெரிந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில், அரையாண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. தானாகப் பிடிக்கும்படி வைக்காமல் நாமே கட்டும் பாலிசி என்றால், 22-க்குப் பதில் 26-ஆம் தேதி கட்டலாம். இருப்பு 200-க்குக் கீழே போகவே போகாது. மாத இறுதியில் அதே 4,400 மிச்சம்.

முதல் படி: தாளும் பேனாவும்

மென்பொருளை நிறுவும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் பணம் கையாளும் எல்லோரும் கூட உட்காருவது நல்லது. போன 12 மாத வங்கி அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, தேதியும் தொகையும் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மாதாமாதம் வருபவை நினைவில் இருக்கும். மறப்பவை மற்றவைதான். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னை மாநகராட்சியில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதால் அந்த இரண்டு மாதங்களில் போடுவதே லாபம். வண்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை. பள்ளிக் கட்டணம் பருவத்துக்கு ஒருமுறை. சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு முன்கூட்டிய வருமான வரி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் எழுதும் மொய். மொய்க்குத் துல்லியமான தொகை சொல்ல முடியாது. ஆனாலும் ஆவணியிலும் தையிலும் ஒரு தொகையைப் போட்டு வையுங்கள். போன வருடம் எவ்வளவு போனது என்று பார்த்தால் திகைத்துப் போவீர்கள்.

ஏலச்சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த மென்பொருளுக்கும் அது புரியாது. 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 20,000 தள்ளி ஒருவர் எடுக்கிறார். நடத்துபவரின் கமிஷன் 5,000 என்றால் மீதி 15,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 750. நீங்கள் கட்ட வேண்டியது 4,250. அடுத்த மாதம் தள்ளு குறைந்தால் கட்டும் தொகை கூடும். இப்படி மாறும் தொகையை ஊகிக்க முயலாதீர்கள். முழு 5,000-ஐயே எல்லா மாதத்துக்கும் போடுங்கள். குறைவாகக் கட்டினால் அந்த மாதம் திருத்திக்கொள்ளலாம். சீட்டு எடுத்தால் வரும் பெரிய தொகையை, அது வங்கிக்கு வந்து சேரும் வரை வரவாக எழுதவே கூடாது.

இதே எண்ணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வரவு எந்தத் தேதியில் வருமோ என்ற சந்தேகம் இருந்தால், இருப்பதிலேயே தாமதமான தேதியைப் போடுங்கள். செலவு என்றால் முந்திய தேதி. தொகையிலும் அப்படியே: வரவில் குறைந்தது, செலவில் கூடியது.

இரண்டாம் படி: மென்பொருளிடம் கேட்க வேண்டியவை

பெயர்களைப் பார்க்கும் முன் இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்காலத் தேதியிட்ட பதிவுகளைச் சேர்த்து, நாள்வாரியாக இருப்பைக் காட்டுமா? பலவற்றில் இது இருக்காது. ‘திரும்ப வரும் பரிவர்த்தனை’ என்ற வசதி இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்தத் தேதி வந்த பிறகு தானாகப் பதிவு செய்வது வேறு. மூன்று மாதம் முன்பே கணக்கில் காட்டுவது வேறு.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைக்க முடியுமா? மாதத்துக்கு ஒன்று மட்டும்தான் என்றால் நம் கரண்ட் பில்லே அதில் அடங்காது.

ஒரு மாதத்துத் தொகையை மட்டும் மாற்ற முடியுமா? சீட்டுக்கும் கார்டுக்கும் இது கட்டாயம் வேண்டும்.

உங்கள் தரவை எல்லோரும் படிக்கக்கூடிய வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? இலவச மென்பொருள்களை ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரிப்பதும் உண்டு. அவர்கள் நிறுத்திவிட்டால் உங்கள் ஐந்து வருடக் கணக்கு அதற்குள் சிக்கக் கூடாது.

வங்கியோடு தானாக இணையுமா என்ற கேள்வியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இந்தியாவில் நம் சம்மதத்தோடு வங்கித் தரவை வேறு நிறுவனங்களுக்குக் கொண்டு சேர்க்கும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதன் வழியாகத் தரவைப் பெற நிதித்துறைக் கட்டுப்பாட்டாளரிடம் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். வீட்டில் நாமே ஓட்டும் மென்பொருளுக்கு அது கிடைக்காது. வங்கி அறிக்கையைச் சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கிக்கொண்டு உள்ளே ஏற்றுவதுதான் நம் வழி. நெட் பேங்கிங் கடவுச்சொல்லைக் கேட்கும் எந்தக் கருவியையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: எதை எடுப்பது

செல்ஃப்-ஹோஸ்டிங் உலகில் அதிகம் பேசப்படுவது ஆக்சுவல் பட்ஜெட். ஜேம்ஸ் லாங் என்பவர் கட்டணச் சேவையாக நடத்தி வந்து, 2022-இல் திறமூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றிப் பயன்படுத்தும்படி, விட்டுக்கொடுத்தார். நிறுவ எளிது, டாக்கரில் (மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் கருவி) ஒரே கொள்கலன்தான், தனித் தரவுத்தளம் வேண்டாம். லட்சம், கோடி என்று நம் முறையில் காற்புள்ளி போட்டுக் காட்டும் அமைப்பும் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் தத்தம் போனிலிருந்து செலவு எழுத இதைவிட வசதியானதை நான் பார்த்ததில்லை. ஆனால் இதன் அடிப்படை உறை முறை: இன்று கையில் இருக்கும் பணத்தை மட்டும் உறைகளில் பிரித்துப் போடு, வராத பணத்தைப் பற்றிப் பேசாதே என்பது. அடுத்து வரவிருக்கும் பதிவுகளை அட்டவணையாக வைக்கலாம், கணக்கின் மேலேயே அவை தெரியும். என்றாலும் மூன்று மாதப் பள்ளத்தைத் தேடுவது அது பிறந்த நோக்கம் அல்ல.

ஃபயர்ஃபிளை த்ரீ இன்னும் விரிவானது. இரட்டைப் பதிவுக் கணக்கு (பணம் எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது என்று இரண்டு பக்கமும் எழுதுவது), விதிகள், அறிக்கைகள் எல்லாம் உண்டு. இதில்தான் மேலே சொன்ன வலை இருக்கிறது: திரும்ப வரும் பரிவர்த்தனைகள் அந்தந்த நாள் வந்ததும்தான் உருவாகும், அதற்கும் சர்வரில் (மென்பொருளை எப்போதும் ஓடவிடும் கணினி) தினமும் ஒரு பணி ஓடும்படி நீங்கள் அமைக்க வேண்டும். கோப்புகளை ஏற்ற இன்னொரு மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். புதிதாக வருபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முன்கணிப்புதான் உங்கள் தேவை என்றால் நான் கைகாட்டுவது எச்-லெட்ஜர். சைமன் மைக்கேல் என்பவர் 2007-இல் தொடங்கியது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதில் உங்கள் கணக்கு முழுவதும் ஒரே ஒரு எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். அந்தக் கோப்பில் அலைக்குறி (~) போட்டு ஆரம்பிக்கும் ஒரு பதிவை எழுதினால் அது ‘திரும்பத் திரும்ப வருவது’ என்று எடுத்துக்கொள்ளும். ஃபோர்காஸ்ட் என்ற விருப்பத்தை இயக்கினால் அந்தப் பதிவுகளை எதிர்காலத்தில் விரித்துக் காட்டும்; நீங்கள் முடிவுத் தேதி எதுவும் சொல்லாவிட்டால் இன்றிலிருந்து 180 நாள் வரை. அசல் கோப்பில் அந்த எதிர்காலப் பதிவுகளை எழுதாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையும் ஊகமும் கலப்பதே இல்லை.

இன்னொரு மகிழ்ச்சி: கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். என் கோப்பில் ‘சொத்து:வங்கி’, ‘செலவு:மளிகை’, ‘செலவு:மொய்’ என்றுதான் இருக்கிறது. ஆங்கிலப் பெயர் என்றால் எது சொத்து, எது செலவு என்று அதுவே புரிந்துகொள்ளும். தமிழ்ப் பெயருக்கு ஒவ்வொரு தலைப்புக் கணக்கின் வகையையும் கோப்பின் மேலே ஒருமுறை அறிவித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் அறிக்கை) காலியாகத் தெரியும். கால அளவைச் சொல்லும் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி. திரும்ப வரும் பதிவில் கால அளவுக்கும் விவரத்துக்கும் நடுவிலும் அப்படியே. புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நானும் இரண்டு மாலைகளை இதில் தொலைத்தேன்.

இதன் இணைய முகப்பை ஃபோர்காஸ்ட் விருப்பத்தோடு சர்வரில் ஓடவிட்டால், உலாவியில் வங்கிக் கணக்கைத் திறந்ததும் இருப்பு ஏறி இறங்கும் கோடு வரைபடமாகத் தெரியும். கோடு எங்கே கீழே தொடுகிறதோ அதுதான் பள்ளம்.

கோப்பு எழுதுவதே பயமாக இருக்கிறது, கணினியும் ஒன்றுதான், கணக்கு எழுதுபவரும் ஒருவர்தான் என்றால் சர்வரே வேண்டாம். க்னூகேஷை அந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். 1998 முதல் இருக்கும் மென்பொருள். அதில் அட்டவணைப் பதிவுகளை ‘இத்தனை நாள் முன்பே உருவாக்கு’ என்று அமைக்கலாம். 90 என்று கொடுத்தால், வங்கிக் கணக்கின் பதிவேட்டில் கீழே ‘எதிர்பார்க்கும் குறைந்த இருப்பு’ என்ற எண் வந்து நிற்கும். நம் கேள்விக்கு நேர் பதில். கேடிஇ என்ற திறமூல மென்பொருள் குடும்பத்தின் கேமைமணியிலும் முன்கணிப்புக்கென்றே தனிப் பக்கம் உண்டு. தரவு உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் செல்ஃப்-ஹோஸ்டிங்கின் நோக்கம். அதை ஒரு மேசைக் கணினி மென்பொருளும் நிறைவேற்றுகிறது.

நான்காம் படி: எங்கே ஓடவிடுவது

பழைய லேப்டாப் போதும். பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது, மின்வெட்டில் அதுவே யூபிஎஸ். ராஸ்பெர்ரி பை வாங்குவதானால் எஸ்டி கார்டில் கணக்கை வைக்காதீர்கள். திடீர் மின்வெட்டில் அது கெட்டுப்போகக்கூடியது. யூஎஸ்பியில் ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள். இந்த மென்பொருள்கள் எதுவும் பெரிய கணினியைக் கேட்பதில்லை.

வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால், ரவுட்டரில் துளை போடும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும்) பழைய வழி நம் ஊரில் பெரும்பாலும் வேலை செய்யாது. நிறைய இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் தருகின்றன. வேலை செய்தாலும் வீட்டுக் கணக்கை ஊருக்குத் திறந்து வைக்கும் செயல் அது. டெயில்ஸ்கேலை சர்வரிலும் இருவர் போனிலும் நிறுவினால், அந்த மூன்று கருவிகளுக்கு நடுவில் மட்டும் ஒரு தனி வழி உண்டாகும். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம்.

இரண்டு எச்சரிக்கைகள். எச்-லெட்ஜரின் இணைய முகப்பில் பயனர் பெயர், கடவுச்சொல் என்று எதுவும் இல்லை. இந்தத் தனி வழிக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது. பார்ப்பதற்கு மட்டும் அனுமதி என்று வைத்து ஓட்டுவது நல்லது. ஆக்சுவலுக்கு எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைய இணைப்பு) வேண்டும். அது ஓடும் கணினியைத் தவிர வேறு கருவியிலிருந்து சாதாரண எச்டிடிபியில் திறந்தால் பிழை காட்டி நின்றுவிடும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை டெயில்ஸ்கேலே தரும், அந்த வசதியை இயக்கினால் போதும்.

ஐந்தாம் படி: உள்ளே எழுதுவது

பழைய கணக்கு முழுவதையும் ஏற்ற வேண்டாம். நிறையப் பேர் இங்கேதான் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இன்று காலை வங்கியில் எவ்வளவு இருக்கிறதோ அதைத் தொடக்க இருப்பாகப் போடுங்கள். அவ்வளவுதான் நேற்று வரைக்கும்.

சம்பளம் வரும், தவணைகள் போகும் அந்த ஒரு வங்கிக் கணக்கில் தொடங்குங்கள். வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்ட், நகை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றைச் சேர்த்தால் மொத்த இருப்பு பெரிதாகத் தெரிந்து பள்ளம் மறைந்துவிடும்.

பிறகு தாளில் எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வரும் பதிவாக ஏற்றுங்கள். யுபிஐயில் போகும் டீ, ஆட்டோ, பூ என்ற சில்லறைகளைத் தனித்தனியாகக் கணிக்க முயல வேண்டாம். போன மூன்று மாதச் சில்லறையைக் கூட்டி 13 வாரத்தால் வகுத்து, வரும் எண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே தொகையாக வையுங்கள்.

கிரெடிட் கார்டில் கவனம். இன்று கார்டு தேய்த்தால் பணம் இன்று போவதில்லை. பில் கட்டும் தேதியில்தான் வங்கியிலிருந்து போகும். கார்டை ஒரு கடன் கணக்காகத் தனியே வைத்து, பில் கட்டும் நாளில் வங்கியிலிருந்து அதற்கு மாற்றம் என்று எழுதுங்கள். முன்கணிப்பில் வழக்கமான தொகையைப் போட்டுவிட்டு, பில் வந்ததும் உண்மைத் தொகைக்கு மாற்றுங்கள். மளிகையைக் கார்டில் வாங்கினால் சனிக்கிழமைத் தொகையிலிருந்து அதைக் கழிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒரே செலவு இரண்டு முறை விழும்.

உங்கள் கணக்கில் வங்கி கேட்கும் குறைந்தபட்ச சராசரி இருப்பு உண்டா என்றும் பாருங்கள். 10,000 வைத்திருக்கச் சொல்லும் கணக்கு என்றால், உங்களுக்குத் தரை 10,000. கோடு பூஜ்யத்தைத் தொடும் வரை காத்திருக்கக் கூடாது.

ஆறாம் படி: வாரம் கால் மணி நேரம்

ஞாயிறு காலை காபி நேரம் எங்களுக்கு. வங்கிச் செயலியில் உள்ள இருப்பும் மென்பொருளில் உள்ள இருப்பும் ஒன்றா என்று முதலில் பார்ப்போம். ஒத்துப்போகவில்லை என்றால் விட்டுப்போன பதிவைத் தேடிச் சேர்ப்போம். வித்தியாசத்தோடு விட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் எந்தக் கணிப்பையும் நம்ப முடியாது. பிறகு அடுத்த 90 நாளின் பள்ளம் எங்கே என்று பார்ப்போம். அது போன வாரத்தைவிடக் கீழே போயிருந்தால், தள்ளிப் போடக்கூடியது எது, முன்னால் கேட்டு வாங்கக்கூடியது எது என்று பேசுவோம். பள்ளிக் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் கட்டலாமா என்று மே மாதமே அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கடைசி நாளில் போய் நின்று கேட்பது யாருக்கும் சங்கடம்.

முதல் இரண்டு மாதம் கணிப்பு தவறிக்கொண்டேதான் இருக்கும். மறந்துபோன செலவுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், அவற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது மாதத்தில்தான் கோடு நிஜத்தோடு ஒட்டி நடக்கத் தொடங்கியது.

கடைசிப் படி: நகல்

எச்-லெட்ஜர் என்றால் ஒரு கோப்பை நகலெடுத்தால் முடிந்தது. க்னூகேஷும் ஒரே கோப்புதான். ஆக்சுவலில் அமைப்புகள் பக்கத்திலிருந்து முழுக் கணக்கையும் ஏற்றுமதி செய்யலாம். சர்வரின் தரவுக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். முனைக்கு முனை மறையாக்கத்தை இயக்கியிருந்தால் அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் சர்வரில் இருக்கும் பிரதியைத் திறக்க முடியாது. ஒரு நகல் வீட்டிலேயே வேறு கருவியில், ஒரு நகல் வீட்டுக்கு வெளியே. அம்மா வீட்டில் ஒரு பென்டிரைவ் இருந்தாலும் சரி, மறையாக்கம் செய்து கொடுங்கள்.

நகல் எடுத்த அன்றே, அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் ஒவ்வொரு முறையும், உயர்த்துவதற்கு முன்னால் ஒரு நகல். டாக்கரில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை வீட்டுக் கணக்குக்கு மட்டும் நான் வைப்பதில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சம்பளமும் தவணையும் இல்லாத அமைதியான நேரத்தில், கையால் செய்கிறேன்.